அறையின் வெளிச்சம் முதற்பொருள், அலங்காரப் பாணி அதற்குப் பிறகுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டின் உள்அலங்காரப் பாணிக்கு ஏற்ற செடிகளைத் தேர்ந்தெடுப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. வெள்ளைச் சுவர் வீட்டுக்கு ஒரு செடி, தேக்குச் சாமான் நிறைந்த வீட்டுக்கு ஒரு செடி, செட்டிநாட்டுத் தூண் நிறுத்திய வீட்டுக்கு ஒரு செடி என்று புடவைக்கு ரவிக்கை பொருத்துவதுபோலப் பொருத்திக் காட்டியிருந்தார்கள். ஆனால், அந்தச் செடி நிற்கும் மூலையிலிருந்து சன்னல் எத்தனை அடி தொலைவில் இருக்கிறது, அந்தச் சன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்ற கேள்வி கட்டுரையில் ஓரிடத்திலும் எழவில்லை. அரசுப் பள்ளியில் 30 ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவள் என்ற முறையிலும், அக்கட்டுரை சொன்னது போன்ற ஒரு செடியை வாங்கி இழந்த வீட்டைச் சேர்ந்தவள் என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இழந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய அடுக்ககம் ஒன்றில், 14-ஆவது மாடியில் என் மகள் வீடு வாங்கினாள். சாம்பல் நிறச் சோபா, வெள்ளைச் சுவர், சுவர் மூலையில் ஆளுயரத்துக்கு வீணை வடிவ இலைகளோடு ஒரு மரக்கன்று என்று அலங்கார நிபுணர் ஒருவர் வரைந்து கொடுத்த படத்தில் இருந்தது. ஃபிடில் லீஃப் ஃபிக் என்று விற்கப்படும் அந்த அத்தி இனச் செடிக்காக மகள் 3,500 ரூபாய் கொடுத்தாள். நாற்றுப்பண்ணையில் பச்சை நிழல்வலையின் கீழ், பகல் முழுதும் வானத்து ஒளியைக் குடித்து வளர்ந்திருந்த செடி அது. வீட்டில் அதற்குக் கிடைத்ததோ, நிறம் ஏற்றிய கண்ணாடியும் இரட்டைத் திரையும் கடந்து வந்து சேர்ந்த மிச்ச ஒளி. முதல் மாதத்தில் 11 இலைகள் உதிர்ந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மாப்பிள்ளை நாள்தோறும் ஊற்றினார். இரண்டாம் மாதத்தில் வேர் அழுகி மண்ணிலிருந்து நாற்றம் வந்தது. செடியின் மீது குற்றமில்லை, அதை விற்றவர்கள்கூடப் பொய் சொல்லவில்லை. படத்துக்குப் பொருத்தமான செடியைத்தான் கொடுத்தார்கள்.

நம் முன்னோர் நிலத்தைப் பாகுபடுத்தியபோது நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார்கள். மரமும் பூவும் புள்ளும் அவற்றுக்கு அடுத்து வரும் கருப்பொருளாயின. நிலமும் பொழுதும் அமைந்த பிறகுதான் அங்கே இன்ன பூ பூக்கும் என்ற பேச்சே வரும். மலைக்குக் குறிஞ்சியும் காட்டுக்கு முல்லையும் பெயராக நின்றது அந்த ஒழுங்கினால்தான். வீட்டு அறைக்கும் இந்த ஒழுங்கு அப்படியே பொருந்தும் என்பதுதான் நான் சொல்ல வருவது. சன்னலின் திசை, அதிலிருந்து உள்ள தொலைவு, வெயில் விழும் நேரம், ஏசி ஓடும் நேரம் ஆகியவையே அறையின் முதற்பொருள். அவற்றைக் கணித்துவிட்டால், அங்கே வாழக்கூடிய ஏழெட்டுச் செடிகளின் பட்டியல் தானே கிடைக்கும். நம் அலங்காரப் பாணிக்கு ஒத்துவருவதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கட்டுரையாளரோ பூவிலிருந்து தொடங்கி நிலத்துக்கு வரவேயில்லை.

வெளிச்சத்தைக் கணிப்பதில் நம் கண் நம்மை ஏமாற்றும். ஒளியை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். உச்சி வெயிலில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் ஒளி இருக்கிறது. நாம் வசதியாகப் படிக்கும் மேசையில் 300 முதல் 500 லக்ஸ்தான் இருக்கும். சன்னலுக்கு எதிர்ச்சுவரின் மூலையில் நூறு லக்ஸ்கூடத் தேறாத கூடங்கள் நம் அடுக்ககங்களில் ஏராளம். வெளியிலிருந்து உள்ளே வந்த சில நிமிடங்களில் கண் பாவை விரிந்து பழகிவிடுவதால், ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியும் நமக்கு நல்ல வெளிச்சமாகவே படுகிறது. இலைக்கு அப்படிப் பழகிக்கொள்ளும் பாவை கிடையாது. எந்தக் கருவியும் இல்லாமல் பார்க்க வேண்டுமானால், பகல் 11 மணிக்குச் செடி வைக்க நினைக்கும் இடத்தில் வெள்ளைத் தாளொன்றை வைத்து, அதற்கு ஓரடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். விரல்கள் தெளிவாகப் பிரிந்து நிழல் விழுந்தால் நல்ல ஒளி. கை இருக்கிறது என்று மட்டும் சொல்லும் மங்கிய நிழலானால் நடுத்தர ஒளி. நிழலே விழாவிட்டால், அங்கே செடி வைக்காமல் ஒரு பித்தளைக் குத்துவிளக்கை வைப்பது நல்லது.

திசை விஷயத்தில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. வெளிநாட்டுப் புத்தகங்களையும் அவற்றைப் பார்த்து எழுதப்படும் குறிப்புகளையும் நம்பி, வடக்குச் சன்னலில் வெயிலே விழாது, தெற்குச் சன்னலில் ஆண்டு முழுதும் வெயில் விழும் என்று நம்மவர்களும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அது சரி. சென்னை இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில். ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதைக் கடந்து வடபுறம் செல்கிறது. ஆகஸ்ட் நடுப்பகுதியில்தான் மீண்டும் தெற்கே திரும்புகிறது. ஆகவே கோடையின் உச்சத்தில் நம் வடக்குச் சன்னலுக்குத்தான் சாய்ந்த வெயில் வரும், தெற்குச் சன்னலுக்கு நேர்வெயில் வராது. மார்கழியில் அது தலைகீழாக மாறி, தெற்குச் சன்னல் வழியே வெயில் கூடத்துக்குள் நீண்டு படுக்கும். கிழக்குச் சன்னல் எல்லாப் பருவத்திலும் செடிக்குத் தாய் மடி. மேற்குச் சன்னலில் மே மாத மாலை வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து மென்மையான இலைகளைப் பொசுக்கிவிடும். வீடு வாங்கும்போது வாஸ்துவுக்காகத் திசை பார்க்கும் நாம், செடி வாங்கும்போது அதை மறந்துவிடுவது வேடிக்கைதான்.

இனிப் பாணிகளுக்கு வருகிறேன். கட்டுரை முதலில் எடுத்துக்கொண்டது ஸ்காண்டிநேவியப் பாணி. வெள்ளைச் சுவர், வெளிறிய மரம், குறைந்த சாமான், சன்னல் விளிம்பில் வரிசையாகச் சிறு தொட்டிகள். இது ஏன் இப்படி உருவானது என்பதை யோசித்தால் செடித் தேர்வும் புரிந்துவிடும். ஸ்டாக்ஹோம் நகரில் டிசம்பர் இறுதியில் பகல் ஏறத்தாழ 6 மணி நேரம்தான். கிடைக்கும் ஒளியைச் சிதறடித்துப் பெருக்கவே அங்கே சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், செடிகளையும் கண்ணாடியோடு ஒட்டி வைத்தார்கள். அந்தப் பாணியின் அடையாளச் செடியாக இன்று கொண்டாடப்படுவது பிலியா என்னும், நாணயம் போன்ற வட்ட இலைகள் உடைய சிறு செடி. அதன் வரலாறு சுவையானது. சீனத்தின் ஹுனான் பகுதியில் பணியாற்றிய அக்னர் எஸ்பெக்ரென் என்ற நார்வே நாட்டுப் பாதிரியார், போர்க்காலத்தில் அங்கிருந்து வெளியேறியபோது, வழியில் யுன்னான் பகுதியில் கிடைத்த அதை ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு கல்கத்தா வந்தார். சில காலம் இந்தியாவில் தங்கிவிட்டு 1946-இல் நார்வே போய்ச் சேர்ந்தார். அதன்பின் அந்தச் செடி எந்தக் கடையிலும் விற்கப்படாமல், பக்கக்கன்றாகப் பிரிந்து, உறவினர் வீடு, நண்பர் வீடு என்று கைமாறியே வடஐரோப்பா முழுதும் பரவியது. அது இன்ன செடி என்று இங்கிலாந்தின் க்யூ தாவரவியல் பூங்காவினர் அடையாளம் கண்டு எழுதியது 1980-களில்தான்.

நம் ஊரில் கருவேப்பிலைக் கன்றும் மருதாணிக் குச்சியும் இப்படித்தான் வீட்டுக்கு வீடு போகின்றன என்பதால் இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால், குளிர்ந்த மலைநாட்டில் பிறந்த அந்தச் செடி சென்னையின் மே மாதத்தைத் தாங்காது. உதகையிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் தாராளமாக வளர்க்கலாம். சமவெளியில் இருப்பவர்கள் அதே வட்ட இலை அழகை வேண்டினால், பெப்பரோமியா இனத்தில் தடித்த இலை உடைய செடி ஒன்றைக் கிழக்குச் சன்னலில் வைத்துக்கொள்ளலாம். அது மிளகுக்கும் வெற்றிலைக்கும் உறவு, நம் வெப்பத்துக்கும் ஓரளவு இசைந்துபோகும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். நம் ஊரின் மிகக் குறுகிய பகலே 11 மணி நேரத்துக்கு மேல். ஒளிப் பஞ்சத்துக்காக உருவான பாணியை, வெயிலை மறைக்கத் திரைமேல் திரை போடும் வீட்டுக்குள் கொண்டுவந்தால், சுவர் மட்டும் வெள்ளையாக இருக்கும், செடி இருட்டில் நிற்கும்.

அடுத்தது, கட்டுரை பழங்கால ஆங்கிலப் பாணி என்று குறிப்பிட்டது. கனத்த திரைகள், கறுத்த மரம், பனைகளும் பெரணிகளும் நிறைந்த கூடம். இதுவும் ஒரு நெருக்கடியில் பிறந்த அழகுதான். 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் நிலக்கரிப் புகையால் முற்றத்துப் பெரணிகள் செத்துக்கொண்டிருந்தன. அங்கே மருத்துவராக இருந்த நத்தானியல் வார்ட், 1829-இல் அந்துப்பூச்சிக் கூடு ஒன்றை ஈரமண்ணோடு மூடிய சீசாவில் வைத்தார். பூச்சியை விட்டுவிட்டு, மண்ணில் தானாக முளைத்த பெரணியையும் புல்லையும் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் வார்டின் கண்ணாடிப் பெட்டி. உள்ளிருக்கும் ஈரமே ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்குத் திரும்பும் அந்தப் பெட்டிகள், 1833-இல் செடிகளோடு சிட்னி வரை கப்பலில் போயின. பின்னர் சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்ததும் இத்தகைய பெட்டிகளில்தான். இன்று டெர்ரேரியம் என்று கடைகளில் கண்ணாடிக் குடுவைக்குள் பாசியும் பெரணியும் வைத்து விற்கிறார்களே, அது இதன் பேரப்பிள்ளை. ஏசி அறையில் பெரணி வளர்க்க ஆசைப்படுவோருக்கு இன்றும் இதுவே நல்ல வழி. ஆனால் நேர்வெயில் படும் இடத்தில் மூடிய குடுவையை வைத்தால் உள்ளே இருப்பது வெந்துவிடும்.

நம் ஊரின் பழைய பங்களாக்களில் அந்த ஆங்கிலப் பாணி எப்படி மாறியது என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். அங்கே செடிகளைக் கூடத்துக்குள் திணிக்கவில்லை. காவி அடித்த மண்தொட்டிகளில் குரோட்டன்ஸையும் பெரணியையும் வராந்தாப் படிகளின் இருபுறமும் அடுக்கினார்கள். அது வெறும் வழக்கம் அன்று. குரோட்டன்ஸின் சிவப்பும் மஞ்சளும் ஒளியில் மட்டுமே நிற்கும். கூடத்துக்குள் வைத்தால் புது இலைகள் பச்சையாகவே வரும், பழைய இலைகள் ஒவ்வொன்றாக விழும். திண்ணையும் வராந்தாவும் பால்கனியும் உள்ளவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான, மலிவான, நிறம் மிகுந்த செடி வேறில்லை. 'அரசு அலுவலகச் செடி' என்று இளையவர்கள் அதைக் கேலி செய்வது எனக்கு உடன்பாடில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த பாணி, அதாவது தாழ்வான தேக்கு நாற்காலிகளும் அகலக் கண்ணாடிச் சன்னல்களும் கொண்டது, பெரிய இலைகளை விரும்பும். மான்ஸ்டெரா இதற்குப் பெயர் பெற்றது. தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரையுள்ள காடுகளில் மரம் பற்றி ஏறும் கொடி அது. கன்றாக வாங்கும்போது இலையில் கிழிசலும் துளையும் இருக்காது. ஏறுவதற்கு ஒரு தாங்குகோலும் போதிய ஒளியும் கிடைத்தால்தான் அவை தோன்றும் என்பதால், இருண்ட மூலையில் வைத்துவிட்டு இலை ஏன் படத்தில் இருப்பதுபோல் இல்லை என்று வருந்துவதில் பயனில்லை. என்னைக் கேட்டால், இந்தப் பாணிக்கு ரப்பர் செடியைத்தான் சொல்வேன். ஆலுக்கும் அரசுக்கும் அத்திக்கும் நெருங்கிய உறவான இது, நம் வடகிழக்கு மாநிலங்களின் காடுகளுக்கு உரியது. மேகாலயாவில் காசி, ஜைந்தியா மக்கள் ஓடைகளின் மேல் வளர்த்தெடுக்கும் உயிர்வேர்ப் பாலங்கள் இந்த மரத்தின் விழுதுகளால் ஆனவை. உள்ளீடு நீக்கிய பாக்கு மரத் தண்டுகளில் வேரைச் செலுத்தி அக்கரைக்குக் கொண்டுபோய், அது நடக்கத்தக்க பாலமாவதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் பால் வடிப்பது இந்த மரத்திலன்று, பிரேசிலிலிருந்து வந்த வேறொரு மரத்தில். ஃபிடில் லீஃப் வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் பாதியைக்கூடச் செலவழிக்காமல், கறுஞ்சிவப்பு இலை கொண்ட ரப்பர் செடியொன்றைச் சன்னலுக்கு நான்கடிக்குள் வைத்துப் பார்க்கட்டும்.

ஜப்பானியப் பாணி என்ற தலைப்பில் கூடத்து மேசைமீது ஒரு போன்சாய் மரத்தைக் காட்டியிருந்தீர்கள். ஜப்பானில் போன்சாய் வெளியில் வாழும் மரம். மழையும் பனியும் வெயிலும் பட்டு வளரும் அதை, விருந்தினர் வரும்போதோ, பருவத்தின் அழகைக் காட்டவோ வரவேற்பறையின் மாடத்தில் சில நாள் வைத்துவிட்டு மீண்டும் வெளியே கொண்டுபோய்விடுவார்கள். உற்சவர் வீதியுலா முடிந்து கோயிலுக்குத் திரும்புவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கிய மரத்தை ஆண்டு முழுதும் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்துவது அந்தப் பாணியின் உயிரையே விட்டுவிட்டு உடலை மட்டும் எடுத்துக்கொள்வதாகும். செங்கல்லும் இரும்புமாக நிற்கும் தொழிற்சாலைப் பாணியைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. எந்தக் கடினமான செடியும் அங்கே பொருந்தும்.

எளிமைப் பாணியை, அதாவது ஓர் அறைக்கு ஒரு பொருள் என்ற பாணியை, சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் நம் நகரத்து இளைஞர்கள் பெரும்பாலும் விரும்புவது இதைத்தான். அவர்களின் படுக்கையறையில் இரவெல்லாம் ஏசி ஓடுகிறது. சென்னையின் ஈரக் காற்றை அது உலர்த்திவிடும். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து பாலையாவதுபோல, கடலோர ஊரின் அறையொன்று குளிரால் பாலையாகிறது. ஆகவே பாலைக்குரிய செடியைத்தான் அங்கே வைக்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பாம்புச்செடி ஒளிக் குறைவையும் தண்ணீர்க் குறைவையும் ஒருசேரப் பொறுக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் போதும். சீசீ என்று அழைக்கப்படும் கிழக்கு ஆப்பிரிக்கச் செடி தண்ணீரைக் கிழங்கில் சேமித்து வைப்பதால், அதைக் கொல்வதற்கு ஒரே வழி அன்பு மிகுதியால் தண்ணீர் ஊற்றுவதுதான்.

இவற்றைச் சொல்லும்போது, பாம்புச்செடியின் தமிழ்நாட்டு உறவுக்காரி ஒருத்தி யார் கண்ணிலும் படாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. மருள் என்று நாம் அழைக்கும் அந்தச் செடி வறண்ட புதர்க்காடுகளில் தானாக வளர்கிறது. அதன் நாரை வில்லுக்கு நாணாகத் திரித்ததால் ஆங்கிலத்தில் அதற்கு வில்நாண் சணல் என்றே பெயர். சங்கச் செய்யுள்களில் மரல் என்று வருவதும் இதுவே என்பர். கரும்பச்சையில் வரியோடிய, நிமிர்ந்த, கூரிய இலைகள். வெள்ளைச் சுவரின் முன் ஒற்றையாக வைத்துப் பாருங்கள், எந்த வெளிநாட்டுச் சிற்பத்துக்கும் குறைவில்லை. நாற்றுப்பண்ணைகளில் இதைக் கேட்டால் விழிக்கிறார்கள். ராஜமகேந்திரவரத்தை அடுத்த கடியத்திலிருந்து லாரி லாரியாக வெளிநாட்டு அலங்காரச் செடிகள் வந்து இறங்கும் சந்தையில், நம் புதரில் நிற்பதற்கு விலை போட யாருமில்லை.

இனி, கட்டுரை 'பாரம்பரியப் பாணி' என்று அழைத்த செட்டிநாட்டு அலங்காரம். ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரை, மரத்தூண், பித்தளை உருளி, அருகில் துளசி மாடம். இந்தத் துளசி மாடத்தைக் குளிரூட்டிய கூடத்தின் உள்மூலையில் காட்டியிருந்ததைக் கண்டு திடுக்கிட்டேன். நம் பழைய வீடுகளின் அறைக்குள் செடி வளர்க்கும் வழக்கமே கிடையாது. வானம் திறந்த முற்றத்தில் துளசி நின்றது. பாத்திரம் கழுவிய நீர் பாயும் கொல்லையில் வாழையும் கருவேப்பிலையும் முருங்கையும் நின்றன. முல்லைக்கொடி பந்தல் ஏறியது. வீட்டுக்குள் வந்தவை பூவும் மாவிலையும் வாழைக்கன்றும்தான், அவையும் விசேஷ நாள்களில் மட்டும். செட்டிநாட்டு வீட்டின் அழகு, வளவு என்னும் திறந்த முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரமும் அறைகளும் அமைந்ததில் இருக்கிறது. மழையும் வெயிலும் விழும் அந்த நடுவெளியை எடுத்துவிட்டுத் தூணை மட்டும் அடுக்ககத்துக்குக் கொண்டுவந்தால், துளசிக்கு அங்கே வேலையில்லை. நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேர வெயில் கிடைக்கும் பால்கனிதான் இன்றைய வளவு. துளசி அங்கே நிற்கட்டும், விளக்கும் அங்கேயே ஏற்றலாம்.

வீட்டுக்கு நடுவே வானத்தைக் கொண்டுவரும் இந்த மரபைப் புதுக்காலக் கட்டடத்தில் எப்படித் தொடரலாம் என்பதற்கு இலங்கையின் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா நல்ல சான்று. கொழும்பு 33-ஆவது ஒழுங்கையில் அடுத்தடுத்து இருந்த நான்கு சிறு வீடுகளை ஒன்றாக்கி, நடுநடுவே சிறு சிறு திறந்த முற்றங்களை விட்டு அவர் அமைத்த வீட்டில், செடிகள் அலங்காரத்துக்காக உள்ளே கொண்டுவரப்பட்டவையாகத் தோன்றுவதில்லை. ஒளிக்கிணறுகளின் அடியில், அவை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. தனிவீடு கட்டுவோர், கூடத்துக்கு நடுவே நான்கடிக்கு நான்கடி வெளியொன்றை வானத்துக்கு விட்டுவைத்தால் போதும். செடித் தேர்வு பற்றிய தலைவலியில் பாதி தீர்ந்துவிடும்.

உருளியிலும் செம்புப் பாத்திரத்திலும் நேரடியாக மண்ணிட்டுச் செடி நடும் புதுப் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து மண்ணில் கலந்தால் வேர் நுனிகள் கருகும். மேலும் உருளிக்கு வடிகால் துளையும் இல்லை. துளையுள்ள சிறு தொட்டியில் செடியை வைத்து, அதை உருளிக்குள் இறக்கிவைப்பதே முறை. உண்மையில், அறையின் பாணியைக் காட்டுவதில் செடியைவிடத் தொட்டிக்குத்தான் பங்கு அதிகம். ஒரே ரப்பர் செடியை வழவழப்பான வெள்ளைப் பீங்கானில் வைத்தால் வடஐரோப்பிய அறைக்கும், சிமெண்டுத் தொட்டியில் வைத்தால் தொழிற்சாலைப் பாணிக்கும், சுட்ட மண் தொட்டியில் வைத்தால் செட்டிநாட்டுக் கூடத்துக்கும் பொருந்திவிடும். கடம் செய்யும் மானாமதுரைக் குயவர்களின் கைத்திறனை அறிந்த நாம் நெகிழித் தொட்டிக்கு மண்ணின் நிறம் பூசி வாங்குவது எனக்கு விளங்கவில்லை. மண்தொட்டியின் சுவர் மூச்சுவிடும், மிகுந்த ஈரம் அதன் வழியே கசிந்து ஆவியாகும். தண்ணீரை அளவுக்கு மீறி ஊற்றும் கைகளுக்கு இதுவே பாதுகாப்பு. ஆத்தங்குடிக் கல் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், தொட்டியை நேராகத் தரையில் வைக்காமல் முக்காலியில் வைத்தால் வெள்ளை வளையம் படியாது.

மண்ணோடு கலக்க, பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார்க்கழிவுக் கட்டிகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசி உப்பை நீக்கிவிட்டுச் செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து பயன்படுத்த வேண்டும். நார்க்கழிவு மட்டுமே நிரப்பிய தொட்டி ஏசி அறையில் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். விரலை இரண்டங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் ஊற்றுவது என்ற ஒரே விதி எந்தக் கால அட்டவணையையும்விட மேலானது.

பொஹீமியப் பாணியின் பெயரால் சுவரெல்லாம் கொடி தொங்கவிடும் வீடுகளில் மணி பிளான்ட் இல்லாமல் இராது. திருடி நட்டால்தான் வளரும் என்று நம் வீடுகளில் சொல்லும் இந்தக் கொடியின் தாயகம், பசிபிக் பெருங்கடலில் உள்ள மோரியா என்னும் சிறு தீவு. அறையில் உள்ளங்கை அளவு இலைவிடும் அதை மாமரத்தில் ஏறவிட்டால் இலை முறத்தளவு பெரிதாகும். அலங்காரத்துக்கு இது எளிது, மலிவு. கண்ணாடிச் சீசாவில் வெறும் நீரிலும் வளரும். ஆனால் அந்த நீரிலும் தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவே ஐந்து நாளைக்கு ஒருமுறையாவது நீரை மாற்றிப் பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மாநகராட்சிப் பணியாளர்கள் வந்து தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போனால் அவர்களோடு சண்டைக்குப் போகும் அண்டை வீட்டாரை நான் பார்த்திருக்கிறேன். சுவரில் இருபது செடி தொங்கவிடுவதற்கு முன், ஐந்து நாளைக்கு ஒருமுறை இருபது செடியின் நீரை மாற்றவும் மாதந்தோறும் அவற்றின் இலைத் தூசியைத் துடைக்கவும் வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது என்று ஒரு பேச்சு நடக்கட்டும். பெரும்பாலும் அந்த வேலை வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழுகிறது.

மணி பிளான்ட், மான்ஸ்டெரா, அமைதி லில்லி, டிஃபன்பாக்கியா ஆகிய நான்கும் சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. சேப்பங்கிழங்கு நறுக்கிய கை அரிப்பதற்குக் காரணமான ஊசி போன்ற படிகங்கள் இவற்றின் இலையிலும் தண்டிலும் உண்டு. தவழும் குழந்தையோ பூனையோ கடித்தால் வாய் எரிந்து வீங்கும். டிஃபன்பாக்கியா இதில் கடுமையானது. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அதைப் பரிந்துரைத்த பத்தியை மட்டுமாவது தாங்கள் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

செடிகள் அறைக் காற்றைத் தூய்மை செய்யும் என்று கட்டுரை மூன்று இடங்களில் சொல்கிறது. 1989-இல் வெளியான நாசா ஆய்வொன்றிலிருந்து பரவிய செய்தி இது. அந்த ஆய்வு காற்றுப் போக்குவரத்து இல்லாத, சிறிய, மூடிய அறைப்பெட்டிகளில் நடந்தது. அதையும் அதுபோன்ற பிற ஆய்வுகளையும் தொகுத்து அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் கணக்கிட்டார்கள். வழக்கமான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை தேவைப்படும் என்றது அவர்களின் முடிவு. பத்தடிக்குப் பத்தடி அறைக்கு, மிகக் குறைந்த கணக்கிலேயே 90-க்கு மேற்பட்ட செடிகள். கட்டிலைத் தூக்கிவிட்டாலும் இடம் போதாது. காற்று வேண்டுமானால் சன்னலைத் திறக்கலாம். செடியைக் கண்ணுக்கும் மனத்துக்கும் நிறைவாக இருப்பதற்காக வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொள்வதில் என்ன குறை?

கடைசியாக ஒரு பிழைத்திருத்தம். அரிக்கா பாம் என்ற செடியின் படத்துக்குக் கீழே 'நம் கமுகு' என்று அச்சாகியிருந்தது. கடைகளில் அந்தப் பெயரில் விற்பது மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த, கொத்தாக வளரும் வேறொரு பனை இனம். நாம் தாம்பூலத்தில் வைக்கும் பாக்கைத் தரும் கமுகு ஒற்றைத் தண்டாக நெடிதுயரும். தமிழ்ப் பெயர் கொடுக்க வேண்டும் என்ற ஆர்வம் போற்றத்தக்கதுதான். ஆனால் தவறான பெயரை நம்பி ஒருவர் கமுகங்கன்றை வாங்கி எட்டடிக் கூரையின் கீழ் வைத்துவிடக் கூடாது.

இத்தொடர் அடுத்த வாரமும் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு படத்தின் கீழும், அந்த அறையின் சன்னல் எத்திசையில் உள்ளது, செடி அதிலிருந்து எத்தனை அடியில் நிற்கிறது, படமெடுத்து மூன்று மாதம் ஆன பிறகும் அது அங்கேயே உயிரோடு இருக்கிறதா என்ற மூன்று தகவல்களையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மகள் வீட்டு மூலையில் இப்போது ஒரு நிலைவிளக்கு நிற்கிறது. செடிகள் கிழக்குப் பால்கனிக்குப் போய்விட்டன. அங்கே, செங்கல்பட்டுப் பக்கத்துப் புதரொன்றிலிருந்து நான் பெயர்த்து வந்த மருள், இரண்டாவது பக்கக்கன்று விட்டிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
மேற்கு மாம்பலம், சென்னை